பெட்டிக்குள் எரிந்த பல்பு

வெலிச்கோ சிவப்பு விளக்கில் சாலையைக் கடந்து நான் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவில் ஒரு நாய்கூட இல்லாத நேரத்திலும், நடைபாதை ஓரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருப்பார். பக்கத்தில் நிற்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அண்ணே, வண்டியே இல்லண்ணே. வாங்க போலாம்."

"நட்டு வச்சது நாம. நாமளே மதிக்கலைன்னா வேற எவன் மதிப்பான்?"

எங்கள் ஊரில் வேறு எவனும் மதிப்பதில்லை என்பது தனிக்கதை. டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கிற இந்த நகரத்தில் நாற்பத்தொரு சிக்னல்கள். விளக்கு எரிந்தால் ஓட்டுநர்கள் முனகிக்கொண்டே நிற்பார்கள். எரியாவிட்டால் திருவிழாதான், முந்தினவன் போவான். நகராட்சி அடிக்கடி அணைத்துப் போடுவதால் ஜனங்களுக்கு அதுவும் பழகிவிட்டது.

என் பெயர் ஸ்டோய்கா. சிக்னல் பராமரிப்புப் பிரிவில் தூக்கு வண்டி ஓட்டுகிற பெண். கூடையில் ஆளை ஏற்றி உயரே தூக்கும் அந்த வண்டியில் பதினோரு வருடமாக நான் ஏற்றி இறக்கிய ஆள் வெலிச்கோதான். எண்பத்து நான்கில் ராணுவத்திலிருந்து திரும்பியதும் வேலைக்குச் சேர்ந்தவர். அப்போது ஊரில் ஒன்பதே சிக்னல். மிச்சம் முப்பத்திரண்டும் அவர் கை பட்டுத்தான் எழுந்தன. தெருமுனையில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம், கதவில் காதை வைத்து உள்ளே கேட்கிற 'டக் டக்'கை வைத்தே எந்தப் பக்கம் பச்சை என்று சொல்லிவிடுவார். கண்ணாடிகளை வினிகர் தொட்டுத் துடைப்பார். வீட்டில் தூக்கத்திலும் விநாடி எண்ணுகிறார் என்று அவர் மனைவி கின்கா என்னிடம் புலம்பியிருக்கிறாள். "மூணுன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுக்கிறாரு. ரெண்டு எப்ப வரும்னு நான் முழிச்சுக்கிட்டு கெடக்கேன்!"

இப்படிப்பட்ட மனுஷர் செய்த தப்பைத்தான் சொல்லப் போகிறேன். அதில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் பூசி மெழுகப் போவதில்லை.

சிக்னல் பெட்டிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சிவப்பு விளக்குக்குப் போகிற மின்சாரத்தை அது ஓயாமல் அளந்துகொண்டே இருக்கும். சிவப்பு ஃபியூஸ் போனால் மின்சாரம் நின்றுவிடும். இரண்டே விநாடியில் பெட்டி விழித்துக்கொண்டு சந்திப்பு முழுவதையும் மஞ்சள் மின்னலுக்கு மாற்றிவிடும். மஞ்சள் மின்னினால் எல்லோரும் வேகத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் பார்த்துப் போகவேண்டும் என்பது சட்டம். சிவப்பு இல்லாமல் பச்சை மட்டும் ஓடுகிற நிலைமை வரவே கூடாது. இந்த வேலையின் உயிர்நாடியே அதுதான்.

எட்டு வருடத்துக்கு முன்னால் பழைய பல்புகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. விளக்குகள் போட்டோம். விளக்கு மட்டும்தான் புதுசு, பெட்டிகள் அதே பழசு. எல்.இ.டி. தின்கிற மின்சாரம் கோழி கொத்துகிற அளவு. கிழட்டுப் பெட்டிகளுக்கு அது கணக்கிலேயே வரவில்லை. சிவப்பு நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே 'போச்சு, போச்சு' என்று மஞ்சள் மின்ன ஆரம்பித்துவிட்டன. சின்ன மின்சாரத்தையும் அளக்கிற புது அட்டைகளைப் பெட்டிக்குள் செருகினால் சரியாகிவிடும். அட்டைகள் வரவில்லை. வெள்ளிக்கிழமை மேயர் வந்து பொத்தானை அழுத்தித் திறந்து வைக்கிறார்.

எங்கள் தலைவர் பாஷெவ் அப்போதுதான் பதவிக்கு வந்திருந்தார். வெலிச்கோவைவிட இருபது வயது சின்னவர். காரியம் ஆகவேண்டும் என்றால் குரலில் தேன் ஒழுகும்.

"அண்ணே, உங்களுக்குத் தெரியாத வித்தையா? ஏதாச்சும் பண்ணுங்க. மேயர் முன்னாடி மட்டும் இது மின்னக்கூடாது. மின்னிச்சுன்னா, நம்ம எல்லாரும் சேந்து தெருக்கூட்டப் போவோம்."

வெலிச்கோ பண்ணினார். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும், சிவப்புக்குப் போகிற கம்பியோடு சேர்த்து ஒரு சாதாரண நாற்பது வாட் பல்பை மாட்டினார். தெருவில் சிவப்பு எரியும்போது பெட்டிக்குள் அதுவும் எரியும். அது தின்கிற மின்சாரத்தைப் பார்த்துப் பெட்டி திருப்தியாகிவிடும். மேயர் பொத்தானை அழுத்தினார், எல்லோரும் கை தட்டினார்கள். "அட்டை வர்ற வரைக்கும்தான்," என்றார் வெலிச்கோ. இன்றைக்கு, நாளைக்கு என்று எட்டு வருடம் ஓடிவிட்டது. அந்தப் பல்புகளுக்கு நாங்கள் 'குடித்தனக்காரர்' என்று பெயர் வைத்துவிட்டோம். பனிக்காலத்தில் அதன் சூட்டில் பானிட்சாப் பலகாரத்தை வைத்து, உள்ளே இருக்கும் சீஸ் உருகும்வரை பக்கத்திலேயே நின்று கையைச் சூடேற்றிக்கொள்வோம். தெருவில் சிவப்பு செத்தாலும் குடித்தனக்காரர் உள்ளே எரிந்துகொண்டேதான் இருப்பார், பெட்டி ஏமாந்து நிற்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதனால்தான் வெலிச்கோ வாரம் தவறாமல் நாற்பத்தொரு சந்திப்பையும் கண்ணால் பார்த்துவிட்டு வருவார். பெட்டியின் வேலையைத் தானே செய்து ஈடுகட்டிவிடலாம் என்று நம்பினார். நானும் நம்பினேன்.

அக்டோபர் பதினான்காம் தேதி காலை ஏழு நாற்பத்திரண்டுக்கு மாவு ஆலைச் சந்திப்பில் ஒருவர் செத்துப்போனார்.

அவர் பெயர் ஹரலம்பி. படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தொன்று. காலைத் தயிர் வாங்கிக்கொண்டு, நடப்பவர்களுக்கான பச்சை மனிதன் எரிவதைப் பார்த்துத்தான் ஆலைத் தெருவைக் கடந்திருக்கிறார். ஆலைத் தெருவிலிருந்து வந்த ரொட்டி வண்டி அவரைத் தட்டியது. வேகம் அதிகமில்லை. ஆனால் விழுந்தவரின் தலை நடைபாதைக் கல்லில் மோதிவிட்டது. வண்டியை ஓட்டியவள் நெவெனா, இருபத்தாறு வயது. சிக்னலே எரியவில்லை, எல்லாம் இருட்டாக இருந்தது என்று அவள் சொன்னாள். அணைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, மெதுவாக்கி, இடது பக்கம் கார் வருகிறதா என்று பார்த்தாளாம். வலது பக்கம் நின்றிருந்த மாவு லாரிக்குப் பின்னாலிருந்து பெரியவர் இறங்கியதைப் பார்க்கவில்லை.

போலீஸ் வந்து பார்க்கும்போது சிவப்பு ஜோராக எரிந்துகொண்டிருந்தது.

எங்களை வரச் சொன்னார்கள். ஒன்பது மணி இருக்கும். ஆற்று மூடுபனி விலகி வெயில் வந்திருந்தது. ரத்தத்தின் மேல் மண்ணைப் போட்டிருந்தார்கள். தயிர் கொட்டிய இடத்தில் போடவில்லை. நான் வண்டியை நிறுத்தி வெலிச்கோவைக் கூடையில் ஏற்றித் தூக்கினேன். ஆலைத் தெருவைப் பார்த்து ஒரே ஒரு விளக்குத் தலைதான் உண்டு. அவர் சிவப்பின் மூடியைத் திறந்தார். கீழேயிருந்து எனக்கு அவர் முதுகும் முழங்கையும் தெரிந்தன. உள்ளே தண்ணீர் கோத்திருந்ததாம். கம்பியை இறுக்குகிற திருகு பச்சை பூத்துத் தளர்ந்து கிடந்திருக்கிறது. விரலால் தொட்டதும் விளக்கு அணைந்தது. விட்டதும் எரிந்தது. மூடுபனியில் அணைந்து வெயில் பட்டதும் எரிந்திருக்கிறது. அந்தப் பெண் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

அப்புறம் அவர் செய்த காரியத்தை வேறு தொழில்காரன் எவனும் செய்திருக்க மாட்டான். சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் திருகை இறுக்கிவிட்டார்.

கெட்ட எண்ணம் இல்லை. எண்ணமே இல்லை. முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாகத் தளர்ந்த திருகைக் கண்டால் இறுக்கிப் பழகிய கை, மூளையைக் கேட்காமலே வேலையை முடித்துவிட்டது. துணியால் ஈரத்தையும் துடைத்திருக்கிறார். அதன் பிறகுதான் கை நின்றது. முழங்கை அப்படியே அந்தரத்தில் நின்றதை நான் பார்த்தேன்.

"எரியுதா?" என்று கீழேயிருந்து போலீஸ்காரர் கத்தினார்.

வெலிச்கோ விளக்கின் மூடியை மெதுவாகச் சாத்தினார்.

"யோவ், எரியுதான்னு கேட்டேன்!"

"எரியுது."

அது பொய் இல்லை. எரியத்தான் எரிந்தது.

பெட்டியிலிருந்து அன்றைய பதிவை எடுத்துக் கொடுத்தோம். 'ஏழு நாற்பத்திரண்டு, ஆலைத் தெரு, சிவப்பு, கோளாறு இல்லை.' பெட்டி தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருந்தது. உள்ளே குடித்தனக்காரர் எரிந்தாரே. போலீஸ்காரர் அந்தக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "மெஷின் பொய் சொல்லாது. அந்தப் பொண்ணு தப்பிக்கப் பாக்குது," என்றார்.

வண்டியில் ஏறியதும் வெலிச்கோ நடந்ததையெல்லாம் என்னிடம் சொன்னார்.

"போய்ச் சொல்லிடறேன், ஸ்டோய்கா. இப்பவே போய்ச் சொல்லிடறேன்."

"என்னன்னு சொல்வீங்க? எட்டு வருசமா பெட்டிய ஏமாத்திட்டிருந்தேன்னா? அத்தாட்சிய என் கையாலயே திருகிட்டேன்னா? நம்புவானா எவனாவது? வர்ற கோடையில ஓய்வு. பேசாம இருங்கண்ணே. ஜெயில்ல போய் பல்பு மாத்தணும்னு ஆசையா?"

இதைச் சொன்னது நான்தான். இன்றைக்கும் நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"அந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

"அதுக்கு வக்கீல் இருப்பாங்க. ஏதாச்சும் கண்டுபிடிப்பாங்க."

யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அந்த முனையில் கேமரா கிடையாது. பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்களாம். உள்ளூர்ப் பத்திரிகை நெவெனாவின் படத்தைப் போட்டது. 'ரொட்டி வண்டிக்காரி' என்பதே அவள் பெயராகிவிட்டது. காப்பிக் கடையில் ஒருத்தி, "போன் பேசிக்கிட்டே வந்திருப்பா, இந்தக் காலத்துப் பொண்ணுங்க," என்றாள். போன் பேசவில்லை என்று போலீஸே சொல்லிவிட்டது. ஆனாலும் காப்பிக் கடைக்கு அது எட்டவில்லை. பக்கத்து மேசையில் நான் வாயை மூடிக்கொண்டு காப்பியைக் குடித்தேன். அவளுக்கு ஐந்தாறு வருடமாவது உள்ளே என்று பேசிக்கொண்டார்கள்.

வெலிச்கோ சாப்பாட்டை நிறுத்திவிட்டார். கின்கா கட்டிக்கொடுத்த பொட்டலத்தைச் சாயங்காலம் அப்படியே திருப்பிக் கொண்டுபோவார், அல்லது என் மடியில் போடுவார். வாரம் ஒருமுறை பார்த்த நாற்பத்தொரு சிக்னலையும் தினமும் பார்க்கக் கிளம்பினார். விடிந்தால் ஊர் சுற்றுவோம், ஒவ்வொரு சிவப்பையும் பார்த்து, 'எரியுது' என்று மெதுவாகச் சொல்லிக்கொள்வார். இரண்டு தடவை போலீஸ் நிலையத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தச் சொன்னார். கதவில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, "போ," என்றார். நான் என்ன ஏது என்று கேட்கவில்லை. எனக்கும் பயம்தான், மறைப்பானேன்.

இருபத்திரண்டாம் நாள் பாஷெவ் எங்களை அறைக்குக் கூப்பிட்டார். கதவைத் தாளிட்டார். மேசைமேல் புத்தம்புது அட்டை ஒன்று இருந்தது. எட்டு வருடம் வராத அட்டை.

"அண்ணே, நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு ஆலைச் சந்திப்புல சோதனை. விசாரணை அதிகாரி மிலேவாம்மா வராங்க. தலைநகர்லேர்ந்து ஒரு எஞ்சினியர் வராரு. அந்தப் பொண்ணோட வக்கீல் கேட்டிருக்கான். செவப்பு ஒயரக் கழட்டிப் பாப்பாங்க. பெட்டி மஞ்சளுக்குப் போச்சுன்னா பதிவு உண்மை, கேஸ் முடிஞ்சுது." அட்டையை எங்கள் பக்கம் தள்ளினார். "இன்னைக்கே போய் அந்தக் கருமம் புடிச்ச பல்பக் கழட்டிட்டு இத மாட்டிடுங்க. பளபளன்னு தெரியும், மேல கொஞ்சம் புழுதியத் தேச்சுடுங்க."

"சார், அந்தப் பொண்ணு சொன்னது உண்மை," என்றார் வெலிச்கோ.

"அது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பீங்கல்ல?" தேன் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. "பல்பு மாட்டச் சொல்லி நான் எழுத்துல எங்கயாவது கொடுத்திருக்கேனா அண்ணே? வேலைப் புத்தகத்துல யார் கையெழுத்து இருக்கு?"

வெலிச்கோவின் கையெழுத்துதான் இருந்தது. அவர் அட்டையை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆலைச் சந்திப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. நடைபாதையில் யாரோ மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். வெலிச்கோ பெட்டியைத் திறந்தார். குடித்தனக்காரர் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தார்.

"போய் ரெண்டு காப்பி வாங்கிட்டு வா."

"நான் கூடமாட இருக்கேண்ணே."

"வாங்கிட்டு வாம்மா."

காப்பியோடு திரும்பி வந்தபோது பெட்டி பூட்டியிருந்தது. வழக்கமான பூட்டுக்கு மேல் தன் சொந்தப் பூட்டு ஒன்றையும் போட்டிருந்தார். "முடிஞ்சுது," என்றார். காப்பியைக் குடிக்காமல் சாக்கடையில் ஊற்றினார். அந்தப் பெண்ணின் கழுத்தில் கயிற்றை மாட்டிவிட்டு வருகிறோம் என்று தோன்றியது. அதே மூச்சில் ஒரு நிம்மதியும் வந்தது, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். நாம் தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மறுநாள் ஒன்பது மணிக்குச் சந்திப்பின் நான்கு பக்கமும் போலீஸ் போக்குவரத்தை நிறுத்திவிட்டது. மிலேவா குட்டையான பெண்மணி, கழுத்துப்பட்டையைக் காது வரை இழுத்துவிட்டிருந்தார். தலைநகர எஞ்சினியர் கையில் ஒரு கறுப்புப் பெட்டி. பாஷெவ் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். நெவெனா தன் வக்கீலின் பக்கத்தில் நின்றாள். பத்திரிகைப் படத்தில் இருந்த கன்னம் இப்போது இல்லை. சிக்னலைப் பார்க்காமல் நடைபாதைக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெலிச்கோ இரண்டு பூட்டையும் திறந்து, கதவை ஒரு கை அகலம் மட்டும் திறந்துவிட்டு நகர்ந்துகொண்டார். எஞ்சினியர் தன் கறுப்புப் பெட்டியின் கம்பியை உள்ளே செருகினார்.

"சரி. செவப்பு எரியும்போது ஒயரக் கழட்டுங்க. ரெண்டு செகண்டுல மின்னணும்," என்றார்.

என் வண்டிக் கூடையில் போலீஸ் எலக்ட்ரீஷியன் ஒருவர் ஏறியிருந்தார். தூக்கினேன். ஆலைத் தெருவுக்குச் சிவப்பு விழுந்தது. அவர் கம்பியை உருவினார். விளக்கு செத்தது.

ஒன்று.

வெலிச்கோவின் உதடு அசைந்தது. எண்ணுகிறார்.

இரண்டு.

குறுக்கே போகிற பெரிய சாலையில் பச்சை ஓடிக்கொண்டிருந்தது. பச்சை மனிதன் நடந்துகொண்டிருந்தான். நான் மஞ்சளுக்காகக் காத்திருந்தேன். பாஷெவும் காத்திருந்தார்.

மூன்று. நான்கு. ஐந்து.

ஆலைத் தெருவுக்கு விளக்கே இல்லை. மஞ்சளும் மின்னவில்லை. நெவெனா தலையை நிமிர்த்தினாள். அன்று காலை அவள் பார்த்த இருட்டு அவளுக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது.

"இருங்க, இருங்க," என்று எஞ்சினியர் கறுப்புப் பெட்டியைத் தட்டினார். "இங்க கோளாறு இல்லன்னு காட்டுது. செவப்பு எரியுதுன்னு காட்டுது. எப்படி?"

"ஏதோ ஒயர் லூசு," என்றார் பாஷெவ். "இன்னொரு நாள் வச்சுக்கலாம். அண்ணே, பெட்டிய மூடுங்க."

வெலிச்கோ கதவை மூடவில்லை. அகலத் திறந்தார். காலை வெளிச்சத்தில் அந்த நாற்பது வாட் பல்பு எல்லோருக்கும் தெரிய எரிந்தது. அவர் கையை உள்ளே விட்டு, சுடுகிறதே என்றுகூடப் பார்க்காமல் அதைத் திருகிக் கழற்றினார்.

சந்திப்பு முழுவதும் மஞ்சள் மின்னியது.

"பெட்டிய இதுதான் ஏமாத்திச்சு," என்றார். "மாட்டினது நான். அன்னைக்கு மேல திருகு லூசா இருந்துச்சு. அத முறுக்கினதும் நான். அந்தப் பொண்ணு சொன்னது நெசம். வெளக்கு எரியல."

மிலேவா அருகே வந்தார். "இது யார் சொல்லி மாட்டினது?"

"சொன்னவரு அங்க டை கட்டி நிக்கிறாரு. ஆனா மாட்டின கை என்னுது."

"இந்த ஆளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு!" என்று பாஷெவ் கத்தினார். "பல்பா? நான் இப்பத்தான் மொதல் தடவையா பாக்கறேன்!"

வெலிச்கோ கோட்டுப் பையிலிருந்து புது அட்டையை எடுத்து மிலேவாவின் கையில் கொடுத்தார். அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டில் பாஷெவ் வாங்கிக் கையெழுத்திட்ட தேதி இருந்தது. முந்தாநாள்.

கூடையைத் தூக்கும் நெம்புகோலில் என் கை ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போதும் பேசாமல் இருந்தால் என்னை யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தது. அவர் 'நான், நான்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார், ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை.

"அவர் மட்டும் இல்லைங்க," என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "எனக்கும் எல்லாம் தெரியும். சொல்லவேண்டாம்னு தடுத்தது நான்."

மிலேவா எங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதிக்கொண்டார். எனக்குள் ஏதோ லேசானது. இனி அந்தப் பெண் வந்து வெலிச்கோவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்று முட்டாள்தனமாக எதிர்பார்த்தேன். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தாரோ என்னவோ, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

நெவெனா வந்தாள். அழவில்லை.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும்மா. ஒம்பது மணிக்கு."

"அன்னைக்கே." அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "இருபத்து மூணு நாள். எல்லாரும் எரிஞ்சுதுன்னு சொன்னாங்க. மெஷின் சொல்லுதுன்னு சொன்னாங்க. எங்கம்மாவே, 'நல்லா யோசிச்சுப் பாரு, நீ கவனிச்சிருக்க மாட்டே'ன்னாங்க. யோசிச்சுப் பாத்தேன். யோசிக்க யோசிக்க எனக்கும் செவப்பு தெரிய ஆரம்பிச்சிருச்சு. நேத்துப் போய் அந்தத் தாத்தாவோட மகள் கால்ல விழுந்துட்டு வந்தேன். செவப்பு எரிஞ்சுது, நான்தான் பாக்காம கொன்னுட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்."

வெலிச்கோ கையில் இருந்த தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன்.

"இந்த மாதிரி பல்பு இன்னும் எத்தனை பெட்டியில இருக்கு?" என்று கேட்டாள்.

"நாப்பது."

"அப்ப இங்க ஏன் நிக்கிறீங்க?"

மிலேவா ஒரு போலீஸ் வண்டியை எங்களுக்கு முன்னால் அனுப்பினார். வாக்குமூலம் சாயங்காலம், முதலில் பெட்டிகள் என்றார். பிறகு வழக்கு நடந்ததும், வெலிச்கோவுக்கும் பாஷெவுக்கும் தண்டனை கிடைத்ததும், எனக்கு வேலை போய்த் திரும்பி வந்ததும் பத்திரிகையில் வந்த விஷயங்கள். பத்திரிகையில் வராதது அந்த ஒரு பகல்தான். சந்திப்பு சந்திப்பாகப் போனோம். நான் வண்டியை நிறுத்துவேன், அவர் இறங்கிப் பூட்டைத் திறந்து பல்பைக் கழற்றுவார், சந்திப்பு மஞ்சளுக்கு மாறும். ஹாரன் அடித்தார்கள். எங்கள் தாயாரையும் தகப்பனாரையும் இழுத்துத் திட்டினார்கள். திட்டிக்கொண்டே வேகத்தைக் குறைத்தார்கள், இரண்டு பக்கமும் பார்த்துப் போனார்கள். அவர் விரல் நுனிகளெல்லாம் வெந்து சிவந்துவிட்டன. கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியும் கேட்கவில்லை.

கடைசிப் பெட்டி ரயில் நிலையத்து எதிரே. அதையும் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் இருந்த அட்டைப்பெட்டியில் பல்புகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. வண்டியின் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நான்கு.

"நாப்பது பெட்டி," என்றார். "ஆறு மணி நேரம்தான் ஆச்சு, ஸ்டோய்கா."

போலீஸ் வண்டி நகர்ந்தது. நானும் அதன் பின்னால் போலீஸ் நிலையத்துக்கு ஓட்டினேன்.